பழைய போட்டோவில் இருப்பது எந்த விமானம்? கண்டுபிடிக்க 44 எளிய குறிப்புகள்

பழைய ஆல்பத்திலும், நடைபாதைக் கடைப் புத்தகங்களிலும், வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் படங்களிலும் பெயர் தெரியாத விமானங்கள் நிறையவே கண்ணில் படுகின்றன. பெயரைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். வீட்டில் இருக்கும் சாமான்களும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஒரே ஓர் அடையாளத்தை நம்பிப் பெயர் வைத்துவிடாமல், இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

படத்தைத் தயார் செய்ய

1. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃபிளாஸ் நூலை ஒரு மூலையில் நுழைத்து, இப்படியும் அப்படியுமாக மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தால் படம் கிழியாமல் வந்துவிடும்.

2. தூசி தட்ட ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பயன்படுத்தாத மென்மையான மேக்கப் பிரஷ் ஒன்றை இதற்கென்றே எடுத்து வையுங்கள். படத்தை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள். விரல் ரேகை பதிந்தால் சின்ன எழுத்தெல்லாம் மங்கிவிடும்.

3. பின்பக்கம் எழுதிய பென்சில் எழுத்து அழிந்துவிட்டதா? விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து ஒளி அடியுங்கள். எழுதிய அழுத்தத்தில் பதிந்த பள்ளங்களில் நிழல் விழுந்து, ஊர் பேரோ வருடமோ கண்ணுக்குத் தெரியும்.

4. போனில் நகல் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நேர் வெயில் படாத ஜன்னல் ஓரமே நல்ல இடம். பளபளப்பான படமாக இருந்தால் கறுப்புத் துணியை உங்கள் தோளில் போர்த்திக்கொண்டு எடுங்கள், உங்கள் சட்டையின் நிறம் படத்தில் பிரதிபலிக்காது.

5. கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தால் 600 டிபிஐ என்று சொல்லிக் கொடுங்கள்; ரொம்பச் சின்னப் படத்துக்கு 1200. பெரிதாக்கிப் பிரின்ட் போடும் காசு மிச்சம், வீட்டுத் திரையிலேயே வால் எழுத்து வரை பெரிதாக்கிப் பார்க்கலாம்.

6. நெகட்டிவ் மட்டும் இருந்தாலும் கவலை இல்லை. ஒரு போனின் திரையை வெள்ளையாக்கி, அதன் மேல் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து, நெகட்டிவை அதன் மேல் பரப்பி இன்னொரு போனில் படம் எடுங்கள். எடிட்டிங்கில் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் தயார்.

7. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். 1938-ல் பறந்த ஜெர்மனியின் பி.வி.141-க்கு, விமானி முன்னோக்கிப் பார்க்கும் கணக்கில், இடது பக்கம் எஞ்சினும் வாலும், வலது பக்கம் ஆட்கள் உட்காரும் கண்ணாடிக் கூடும் தனித்தனியாக இருக்கும். இந்த இரண்டும் இடம் மாறித் தெரிந்தால் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கே தொடங்குவது?

8. இறக்கை, எஞ்சின், உடல், வால். இரண்டாம் உலகப்போரில் விமானம் பார்த்துச் சொல்லும் காவலுக்கு இந்த வரிசையைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதி, பார்த்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் கடைசியில் வரட்டும்.

9. படத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்து, அழுத்தாமல் விமானத்தின் ஓரக்கோட்டை வரைந்து உள்ளே கறுப்பாக நிரப்புங்கள். வெயில், மேகம், பெயின்ட் எல்லாம் மறைந்து உருவம் மட்டும் மிஞ்சும். போர்க்கால அடையாள அட்டைகளிலும் இப்படிக் கறுப்பு நிழலாகத்தான் அச்சடித்தார்கள்.

10. பக்கத்தில் ஆள் நிற்கிறாரா? அவர் உயரத்துக்கு ஒரு தாள் துண்டை வெட்டி, விமானத்தின் நீளத்தில் எத்தனை முறை வைக்க முடிகிறது என்று அளந்து பாருங்கள். ஆளும் விமானமும் கேமராவுக்கு ஒரே தூரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

11. “இது எது?” என்பதற்கு முன்னால் “இது எதுவாக இருக்க முடியாது?” என்று கேளுங்கள். நாலு எஞ்சின் தெரிந்தால் ரெண்டு எஞ்சின் விமானம் அத்தனையையும் ஒரே அடியில் ஒதுக்கிவிடலாம். தேடும் நேரம் பெருமளவு மிச்சம்.

இறக்கையைப் பார்த்து

12. இறக்கை எத்தனை அடுக்கு என்று எண்ணுங்கள். மூன்று மூன்றாக மூன்று இடத்தில், மொத்தம் ஒன்பது இறக்கையும் படகு மாதிரி உடலும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அது இத்தாலியின் கப்ரோனி சி.ஏ.60. 1921-ல் மஜ்ஜோரே ஏரியில் சோதித்தபோதே விழுந்து உடைந்துவிட்டது. எட்டு எஞ்சின் வைத்துக் கட்டியது.

13. ஸ்பிட்ஃபயரா, ஹரிக்கேனா என்று குழப்பமா? ஸ்பிட்ஃபயரின் இறக்கை முட்டை வடிவில் வளைந்து முடியும், சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கும். ஹரிக்கேனுக்கு முதுகு கூன், பின் உடலில் துணி போர்த்திய வரிகள் தெரியும், சக்கரம் உள்பக்கமாக மடங்கும்.

14. உடல் முழுக்கத் தகரக் கூரை போல வரிவரியாக இருந்து, மூன்று எஞ்சினும் தெரிந்தால் இறக்கையின் இடத்தைப் பாருங்கள். இறக்கை கீழே இருந்தால் ஜெர்மனியின் யுங்கர்ஸ் 52, மேலே இருந்தால் அமெரிக்காவின் ஃபோர்டு ட்ரைமோட்டார். இறக்கை மேலே இருந்தும் வரி இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் ஃபோக்கர் எஃப்.7 பக்கம் தேடுங்கள்.

15. முன்னால் இருந்து பார்க்கும்போது இறக்கை கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுகிறதா? சக்கரம் மடங்காமல், உறை போட்டுக் கீழே நின்றால் ஜெர்மனியின் ஸ்டூக்கா. சக்கரம் மடங்குவதாகவும் மூக்கு உருண்டையாகவும் இருந்தால் அமெரிக்காவின் கோர்சேர்.

16. வாலே இல்லாமல் இறக்கை மட்டும் பறக்கும் பெரிய விமானம் என்றால் நார்த்ரப் கம்பெனியின் இரண்டு வகைகளைப் பிரித்துப் பாருங்கள். பின்பக்கம் ப்ரொப்பெல்லர் இருந்தால் ஒய்.பி.35. ஜெட் எஞ்சினும், பின் ஓரத்தில் நாலு சின்னச் செங்குத்துத் தகடும் இருந்தால் ஒய்.பி.49.

17. சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், ப்ரொப்பெல்லர் கடைசியில் என்று எல்லாம் தலைகீழாக இருந்தால் ப்ரொப்பெல்லரின் இலைகளை எண்ணுங்கள். ஆறு இலை என்றால் 1945 ஆகஸ்டில் பறந்த ஜப்பானின் ஷின்டென். மூன்று என்றால் அமெரிக்காவின் கர்ட்டிஸ் அசென்டர்.

18. பிரம்மாண்டமான உடலுக்குக் குட்டை இறக்கை, முன்பக்கம் எட்டு ஜெட், வாலில் ரெண்டு ஜெட் என்று இருந்தால் அது காஸ்பியன் கடலில் சோதித்த சோவியத் நாட்டின் கே.எம். 1966-ல் வந்த இது, தண்ணீருக்குச் சற்று மேலே காற்று மெத்தையில் ஓடுவதற்காகக் கட்டியது. நடுவானத்தில் பறப்பது மாதிரி படம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

எஞ்சினைப் பார்த்து

19. மூக்கு உருண்டை என்றால் சுற்றிலும் சிலிண்டர் வைத்த எஞ்சின், கூர் என்றால் வரிசை எஞ்சின் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஜெர்மனியின் யுங்கர்ஸ் 88-ல் வரிசை எஞ்சினுக்கு முன்னால் வட்ட ரேடியேட்டர் வைத்து ஏமாற்றும். பக்கவாட்டில் புகைக் குழாய்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

20. ஸ்பிட்ஃபயர் என்று தெரிந்த பிறகு ப்ரொப்பெல்லர் இலைகளை எண்ணினால் காலமும் கிடைக்கும். ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு ரெண்டு இலை, அடுத்து மூன்று, ஒன்பதாம் வகைக்கு நாலு, பதினான்காம் வகைக்கு ஐந்து. ப்ரொப்பெல்லர் நின்றிருக்கும் படமாகத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

21. ப்ரொப்பெல்லரை எண்ணி எஞ்சின் கணக்கு சொல்லிவிடாதீர்கள். 1949-ல் பறந்த பிரிஸ்டல் பிராபசானில் ஒன்றன்பின் ஒன்றாக எதிரெதிரே சுற்றும் ஜோடிகள் நாலு, ஆனால் எஞ்சின் எட்டு. 1952-ல் வந்த சாண்டர்ஸ்-ரோ பிரின்சஸ் என்ற பறக்கும் படகில் ஆறு இடத்தில்தான் ப்ரொப்பெல்லர், எஞ்சினோ பத்து.

22. இறக்கைக்கு மேலே ஆறு கூடு, ஒவ்வொன்றிலும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பன்னிரண்டு எஞ்சின் தெரிந்தால் அது டோர்னியர் டூ எக்ஸ். 1929 ஜூலையில் முதலில் பறந்தது. அக்டோபரில் 169 பேரை ஏற்றிக்கொண்டு எழும்பியது. மொத்தம் கட்டியதே மூன்றுதான்.

23. எஞ்சின் ஒற்றைப்படையில் வந்தால் நடுவைப் பாருங்கள். ரெண்டு ஹைன்கெல் 111 விமானத்தை இறக்கையில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் ஐந்தாவது எஞ்சின் வைத்ததுதான் 111 இசட். பெரிய கிளைடர்களை இழுத்துப்போகச் செய்தார்கள்.

24. ப்ரொப்பெல்லர் இருக்கிறதே, இது ஜெட் இல்லை என்று அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் முதல் ஜெட்டான பெல் எக்ஸ்.பி.59-க்கு, 1942-ல் தரையில் நிற்கும்போது ரகசியம் காக்கப் பொய்யாக ஒரு ப்ரொப்பெல்லரை மாட்டி வைத்திருந்தார்கள். இறக்கை அடியில் காற்று உறிஞ்சும் வாய் ரெண்டு தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

25. நம் விமானப்படையின் ஹன்டரா, மாருத்தா? ஹன்டருக்குக் காற்று வாய் இறக்கை சேரும் இடத்தில் முக்கோணமாக இருக்கும், பின்னால் ஒரே புகைவாய். 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்த, குர்ட் டாங்க் பெங்களூரில் வடிவமைத்த மாருத்துக்குக் காற்று வாய் உடலின் இரு பக்கமும் இருக்கும், பின்னால் ரெண்டு புகைவாய்.

26. ரெட்டை வால் தண்டு உள்ள சரக்கு விமானத்தின் முதுகில் ஒரு ஜெட் எஞ்சின் தனியாக உட்கார்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். இந்திய விமானப்படையின் சி.119 பேக்கெட்டை அப்படித்தான் மாற்றியிருந்தார்கள். மலைப்பகுதியில் கனத்தோடு எழும்ப அந்தக் கூடுதல் எஞ்சின் கைகொடுத்தது.

உடலையும் ஜன்னலையும் பார்த்து

27. பயணிகள் விமானத்தில் இறக்கையின் அடிப்பகுதிக்குள்ளேயே நாலு ஜெட் எஞ்சினும் புதைந்திருந்தால் அது காமெட். ஜன்னல் சதுரமாக இருந்தால் 1952-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய முதல் வகை. 1954 விபத்துகளுக்குப் பிறகு வந்த வகைகளில் ஜன்னல் வளைவாகிவிட்டது.

28. மூலைகள் மழுங்கிய முக்கோண ஜன்னல், வால் பக்கம் ரெண்டு ஜெட் என்றால் பிரான்சின் காரவெல். 1964-லிருந்து இந்தியன் ஏர்லைன்ஸிலும் ஓடியது. அம்மா அப்பாவின் கல்யாண ஆல்பத்தில்கூட மாட்ட வாய்ப்பு உண்டு.

29. மீனம்பாக்கத்தில் வழியனுப்பிய படத்தில் ப்ரொப்பெல்லர் விமானம் இருந்தால் எஞ்சினை எண்ணுங்கள். நாலும், பெரிய நீள்வட்ட ஜன்னலும் இருந்தால் வைகவுன்ட். ரெண்டுதான் என்றால், இறக்கை மேலே இருப்பது ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப், கீழே இருப்பது கான்பூரில் தயாரித்த ஆவ்ரோ.

30. டகோட்டா மாதிரி இருப்பதெல்லாம் டகோட்டா இல்லை. பயணிகள் ஏறும் கதவு வலது பக்கம் இருந்தால் சோவியத்தின் லி-2 ஆக இருக்கலாம். காக்பிட்டுக்குப் பின்னால் கூடுதலாக ஜன்னல்கள் தெரிந்தால் ஜப்பானில் செய்த எல்.2.டி. பக்கமும் தேடுங்கள். கதவை நம்பும் முன் ஏழாவது குறிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

31. ஏரியில் மிதக்கும் விமானத்தில், இறக்கை ஒரு தூண் மேல் உயர்ந்து நின்று, பக்கவாட்டில் கண்ணாடிக் குமிழ் புடைத்திருந்தால் ரெண்டு எஞ்சின் கேடலினா. ஆழமான உடலும் நாலு எஞ்சினும் என்றால் சண்டர்லேண்ட். போர்க்காலத்தில் சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியிலும் இலங்கையின் கொக்கலவிலும் பறக்கும் படகுகளின் தளம் இருந்ததால், அந்தப் பக்கத்துக் குடும்பப் படங்களைக் கவனமாகப் பாருங்கள்.

32. ஒரு பறக்கும் படகின் முதுகில் இன்னொரு விமானம் ஏறி நின்றால் அது ஒட்டுவேலைப் படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஷார்ட்-மேயோ ஜோடி அது. கீழே மாயா, மேலே மெர்குரி. 1938 ஜூலையில் மெர்குரி இப்படிக் கிளம்பித்தான் அயர்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி மான்ட்ரியல் போய்ச் சேர்ந்தது.

வாலைப் பார்த்து

33. மூன்று செங்குத்து வால், வளைந்து நெளிந்த உடல், நாலு எஞ்சின் என்றால் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். 1948 ஜூன் 8-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் இந்த ஜாதிதான்.

34. ரெட்டை வால், நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் என்றால் நிற்கும் விதத்தைப் பாருங்கள். மூக்குச் சக்கரத்தில் தட்டையாக நின்று, இறக்கையும் உடலின் மேல்பக்கம் இருந்தால் லிபரேட்டர். வாலைத் தரையில் ஊன்றி நின்றால் லங்காஸ்டராக இருக்கலாம். பிரிட்டிஷார் கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர்களை எச்.ஏ.எல். ஆட்கள் சீர்படுத்தித் தர, 1968 வரை நம் விமானப்படை ஓட்டியது.

35. பி.29-ஐயும் டி.யு.4-ஐயும் உருவத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். 1944-ல் சோவியத் மண்ணில் இறங்கிய அமெரிக்க விமானங்களைப் பிரித்துப் பார்த்து நகல் எடுத்ததுதான் டி.யு.4. நேரே சின்னத்துக்குப் போங்கள். வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரமா, சிவப்பு நட்சத்திரமா என்பதே போதும்.

எழுத்தும் சின்னமும்

36. பதிவு எழுத்தின் முதல் பகுதி நாட்டைச் சொல்லிவிடும். வி.டி. இந்தியா, ஜி பிரிட்டன், பி.எச். நெதர்லாந்து, எக்ஸ்.ஒய். பர்மா. பழைய மலாயாப் படத்தில் வி.ஆர்.-ஆர், சிங்கப்பூரில் வி.ஆர்.-எஸ், இலங்கையில் முதலில் வி.பி.-சி, பிற்பாடு 4ஆர் என்று இருக்கும்.

37. ஜெர்மன் விமானத்தில் ‘டி’க்குப் பிறகு எண்கள் இருந்தால் படம் பெரும்பாலும் 1934-க்கு முந்தியது; அதற்குப் பிறகு எழுத்துகள் வந்துவிட்டன. டூ எக்ஸின் பதிவு டி-1929. அதை வருடம் என்று எடுத்துக்கொண்டு, 1932-ல் எடுத்த படத்துக்கும் 1929 என்று தேதி போட்டுவிடாதீர்கள்.

38. இந்திய விமானப்படைப் படத்தில் வட்டச் சின்னமே காலண்டர். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் அசோகச் சக்கரம் இருந்தது. 1950-லிருந்து மூவர்ண வட்டம். அமெரிக்க விமானத்தில் நட்சத்திரத்தின் நடுவே சிவப்புப் புள்ளி இருந்தால் 1942-க்கு முந்தியது, இருபக்கமும் பட்டை இருந்தால் 1943-க்குப் பிந்தியது.

39. நம் பக்கத்துப் போர்க்காலப் படங்களில் பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவே சிவப்பு இல்லையா? ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று அதை எடுத்துவிட்டு, ரெண்டு வித நீலம் மட்டும் வைத்தார்கள். இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தாலோ, 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கிய சமயத்துப் படம் என்று யூகிக்கலாம்.

40. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைச் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். பழைய ஆர்த்தோ ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவும், மஞ்சளை இருட்டாகவும், நீலத்தை வெளிறியும் காட்டும். சின்னத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அது மஞ்சளாகவே இருக்கலாம்.

ஏமாறாமல் இருக்க

41. பீரங்கிகள் அடுக்கிய ராட்சத சோவியத் விமானம் என்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது கம்ப்யூட்டரில் செய்தது. 1933-ல் நிஜமாகப் பறந்த கலினின் கே.7-க்கு எஞ்சின் ஏழு, முன்னால் ஆறு பின்னால் ஒன்று. படத்தில் இருபது எஞ்சின் தெரிந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

42. சினிமாப் படமா என்று ஒரு தடவை யோசியுங்கள். 1970-ல் வந்த ‘டோரா! டோரா! டோரா!’வில் ஜப்பான் விமானமாக வந்தவை வேஷம் போட்ட அமெரிக்கப் பயிற்சி விமானங்கள். 1969-ன் ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்து ஜெர்மன் மெசர்ஷ்மிட்களுக்குப் புகைக் குழாய் மூக்கின் மேல்பக்கம் இருக்கும். அசல் ஜெர்மன் விமானத்துக்கு அது கீழ்ப்பக்கம்.

43. இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடும்போது முழுப் படத்தைக் கொடுக்காமல் விமானத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள். கிடைத்த பெயர் பத்து இடத்தில் இருந்தாலும் ஒரே தப்பின் பத்து நகலாக இருக்கலாம். உங்கள் நாலு வரிக் குறிப்போடு ஒப்பிடுங்கள். டெல்லி போனால் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் 1933-ன் வாபிட்டியையும் ஜப்பானின் ஓகாவையும், பெங்களூர் போனால் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மாருத்தையும் நேரிலேயே சுற்றிப் பார்த்துவிடலாம்.

44. கண்டுபிடித்ததும் படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். தனி உறையில் போட்டு, உறையின் மேல் பெயர், எந்தெந்த அடையாளத்தால் கண்டுபிடித்தீர்கள், உறுதியா யூகமா என்று மூன்று வரி எழுதி வையுங்கள். அடுத்து ஆல்பத்தை எடுக்கும் பிள்ளைகள் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது. தப்பு இருந்தாலும் எங்கே தப்பு என்று அவர்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.